ஏழு மணித் தபால்

எங்கள் எல்ம்பரியில் ஒரு நாளைக்கு ஆறு முறை தபால் வரும். காலையில் கார்டு போட்டால் மத்தியானம் மீன்காரன் வாசலில் நிற்பான். லண்டனுக்குப் பக்கத்து ஊர் என்ற மிதப்பு வேறு. டாக்டரைக் கூப்பிடவும் கார்டுதான். ஓடிப்போய்க் கதவைத் தட்டினால் கௌரவக் குறைச்சலாம்.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், இளவட்டங்களெல்லாம் பிரான்ஸுக்குப் போய்விட்டதால், மாலை ஏழு மணிப் பட்டுவாடாவை நிறுத்தினார்கள். தபாலாபீஸ் கதவில் அறிவிப்பை ஒட்டியது நான்தான். எவன் படித்தான்?

நிறுத்திய முதல் நாளே, ஐந்து மணிக்கு ஆல்டர் தெருப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே மிஸஸ் புரூயெட்டின் கார்டு கிடந்தது. புருஷன் போர்முனையில் இருக்க, ஆறு வயது வின்னியோடு தனியாக இருந்தவள். குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுக்கிறது, இன்று மாலையே வாருங்கள் என்று டாக்டருக்கு எழுதியிருந்தாள்.

டாக்டர் வீடு நான் போகும் வழியில்தான் இருக்கிறது, கொடுத்துவிடட்டுமா என்று போஸ்ட்மாஸ்டர் டாலியிடம் கேட்டேன். அந்த ஆள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"படிச்சேன்னு நீயே ஒத்துக்கறியா? அடுத்தவங்க கார்டைப் படிச்சா வேலை போயிடும்யா. உள்ள போடு, காலையில போகட்டும்."

ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவன் நான். பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். கார்டு இல்லாமலேயே டாக்டரிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன பயம். அவர் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக அவர் வீட்டில்தான் கார்டைப் போட்டேன். பொத்தான்கூடப் போடாமல் மனுஷன் ஓடினார். வின்னி விடியுமுன்பே போய்விட்டிருந்தாள். கார்டு போட்டாயிற்று, ஏழு மணிக்கு டாக்டர் கையில் இருக்கும், இதோ வந்துவிடுவார் என்று தாய்க்காரி அக்கம்பக்கத்தைக்கூடக் கூப்பிடாமல் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அடக்கம் முடிந்த வாரம், அவள் புருஷனின் கடிதத்தைக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் நின்றாள்.

"அந்த நோட்டீஸை நான் படிக்கல, மிஸ்டர் ஹாப்கிராஃப்ட். என் தப்புதான்."

தோளில் பையைச் சரிசெய்துகொண்டு நான் திரும்பினேன்.

"அன்னைக்குப் பெட்டியில இருந்து கார்டை எடுத்தது நீங்கதானே? படிச்சீங்களா?"

"இல்லம்மா. நாங்க படிக்கக் கூடாது."

அவள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். படிச்சிருந்தா நீங்களே ஓடியிருப்பீங்க."