தண்ணியைக் குறைங்க

வெல்டர் குடித்ததே இல்லை. சம்பள நாளன்று பட்டறை ஆட்கள் கும்பலாகக் கிளம்பும்போது, அவர் மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். "இப்படி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்க்கா" என்று துணி தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் சொல்லும்போதெல்லாம், அவர் மனைவி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள்.

அதனால்தான் பெரிய டாக்டர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெல்டரின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்புகிற நாள் அது. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஒரு காலை எடுத்து வைத்தபடியே, "மாத்திரையை விடக் கூடாது. உப்பைக் குறைங்க. ஓய்வா இருக்கணும். தண்ணியை நல்லாக் குறைச்சிடணும். புரிஞ்சுதா?" என்றார்.

"அவர் அதைத் தொட்டதே இல்லீங்க" என்று அவள் வாயெடுப்பதற்குள் டாக்டரும் கூட வந்தவர்களும் நகர்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த நர்சும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். இதில் புரிய என்ன இருக்கிறது? தலையாட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது வெல்டர் கேட்டார்: "ஏம்மா, என்னைப் பாத்தா குடிகாரன் மாதிரியா இருக்கு?"

"விடுங்க. ஆம்பளைன்னாலே எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க."

இருவரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைத்தாள். அவருக்கு நாக்கு வறண்டுகொண்டே இருந்தது. நெருப்பு முன்னால் உழைத்த உடம்பு, குளிர வேண்டாமா என்று தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள். அவர் போதும் என்றாலும் விடமாட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் போன் செய்யும்போதெல்லாம், "அப்பாவுக்கு நல்லாத் தண்ணி குடும்மா, உடம்புக்கு நல்லது" என்பாள்.

கால் வீங்கியது. படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டாள். அழுத்திய விரலின் பள்ளம் அப்படியே நின்றது. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைமேல் தலையணை வைத்துப் பார்த்தாள். அதுவும் போதாமல் போனபோது மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இந்தத் தடவை கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, வீட்டுல எப்படிப் பாத்துக்கச் சொன்னாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்களேன். உங்களுக்குப் பரீட்சை இல்ல. நாங்க விளங்குற மாதிரி சொன்னோமான்னு தெரிஞ்சுக்கத்தான்."

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாத்திரை, உப்பு, ஓய்வு.

"தண்ணி?"

"அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது சிஸ்டர்."

நர்ஸ் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். "நான் கேட்டது குடிதண்ணீர்."

"அதுக்கு ஒரு குறையும் வெக்கல. சொம்பு காலியாக விட்டதே இல்ல."

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பலவீனமான இதயத்தால் உடம்பில் சேரும் நீரை இறைத்துத் தள்ள முடியாது, அது காலிலும் நுரையீரலிலும் தேங்கிவிடும், டாக்டர் குறைக்கச் சொன்னது அந்தக் குடிதண்ணீரைத்தான் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ நான் ஊத்தினதுதானா?"

"நோயும் முத்தித்தான் இருந்துச்சும்மா. தண்ணியும் அதைக் கூட்டிடுச்சு. ஆனா தப்பு உங்க மேல இல்ல. நாங்க யாரும் உக்காந்து கேக்கல."

கட்டிலில் வெல்டர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "பாத்தியா, கடைசில நானும் தண்ணியால கெட்டவன்னு பேர் வாங்கிட்டேன்" என்றார். அவர் சொன்னதற்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அவள் கல்லாகிவிட்டாள். அளந்து கொடுத்ததற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. ஈரத்துணியால் உதட்டை மட்டும் ஒற்றினாள். "ஒரே ஒரு வாய்ம்மா" என்று அவர் கெஞ்சினார். ஒரு மத்தியானம், "நீ பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?" என்று கத்தியும்விட்டார். அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தும் கொடுக்கவில்லை.

மகள் வந்து சேர்ந்த அன்று டாக்டர் இருவரையும் கூப்பிட்டு இங்கிலீஷ் கலந்து பேசினார். மகள் அழுதுகொண்டே வெளியே போனாள். நர்ஸ் பின்னால் வந்து, "இனிமே அவர் கேக்கறப்ப தண்ணி குடுக்கலாம்மா" என்றாள்.

அவள் இப்போது தலையாட்டவில்லை. "தேறிட்டாருன்னு குடுக்கச் சொல்றீங்களா, இல்ல, இனிமே தேறமாட்டாருன்னா?"

நர்ஸின் கண் கலங்கியது. "தேறமாட்டாரும்மா."

அவள் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் கொடுத்தாள். இரண்டு வாய்க்குமேல் அவரால் விழுங்க முடியவில்லை. "கோவிச்சுக்காத" என்றார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, மகள் அவள் மடியில் விழுந்தாள். "நானும்தானேம்மா குடு குடுன்னு சொன்னேன்."

தப்பு உங்க மேல இல்லை என்று நர்ஸ் சொன்னதை மகளுக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். தானே நம்பாததை எப்படிச் சொல்வது? மகளின் தலையைக் கோதிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.