பாப்பா தூங்க அறுபது குண்டுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரால். அது போடும் கூச்சலில் ஒரு வரிகூட ஓடவில்லை. சத்தத்தைக் குறைக்க வழி தேடி இணையத்தில் உட்கார்ந்தேன். மோட்டாரில் தொடங்கி, மிக்ஸிக்குப் போய், எங்கெங்கோ அலைந்து, கடைசியில் 'வீட்டில் ஏர் ரைஃபிள் சத்தத்தைக் குறைப்பது எப்படி' என்ற பக்கத்தில் வந்து விழுந்தேன். யாரப்பா அது, வீட்டுக்குள் துப்பாக்கி சுடுகிற ஆள்? சுடுவதும் சுட்டுவிட்டு, அக்கம்பக்கத்தார் மனசு நோகக் கூடாதே என்று கவலைப்படுகிற ஆள்? மோட்டாரை மறந்துவிட்டேன். அது இப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'துப்பாக்கி வெடித்தது. மாடிப்படியில் காலடி ஓசை. திரை மறைவில் அவன்—'

[நிறுத்திவிட்டேன். ஏர் ரைஃபிள் வெடிக்காது. அடைத்து வைத்த காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும், 'டப்' என்று கேட்கும், அவ்வளவுதான். திரை மறைவில் நிற்பவனுக்கு இங்கே வேலை இல்லை.]

இரண்டாவது தொடக்கம்: 'ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி தன் மீசையை—'

[மீசையைத் தாண்டிப் போக முடியவில்லை. அவரையும் அனுப்பிவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கம் கீழே. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

அவளுக்கு நாற்பத்தோரு வயது. கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்க்கிற வேலை. 'இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?' என்று நாள் முழுக்க ஊரைக் கேட்பவள். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை அடைப்பு. வீட்டுக்கு வந்து, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, ரைஃபிளை எடுப்பாள்.

விளையாட்டுக்காகத்தான். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகித வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி. புள்ளியில் பட்டால் பத்து, கொஞ்சம் நகர்ந்தால் ஒன்பது. துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஒன்பது'. சங்க அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். ஆறு வருடமாக அவள் நான்காவது. இந்த வருடம் தேர்வுக்கு இன்னும் இருபது நாள். அடுத்த வருடம் தோளும் முதுகும் ஒத்துழைக்காது என்று அவளுக்கே தெரியும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

முன்னறை ஜன்னலோரம் நின்று, நடைவழியைக் கடந்து, படுக்கையறையின் கடைசிச் சுவர் வரை அளந்தால் பத்து மீட்டரும் ஒரு சாணும். அந்தச் சுவரில் குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி மாட்டியிருந்தது. வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, ஒரு நாளைக்கு அறுபது குண்டு. அறுபது 'டங்'.

பழைய கட்டடம், மாடிக்குப் பலகைத் தரை. அந்தப் பலகைக்குக் கீழே, இரவுப் பணி முடிந்து வந்து படுத்திருப்பாள் அவளுடைய நாத்தனார்.

4

நாத்தனாரின் பெயர் பாப்பா.*

* வீட்டில் கடைக்குட்டி. முப்பத்தெட்டு வயது, மருத்துவமனையில் தலைமைச் செவிலி. டாக்டர்களையே மிரட்டுவாள். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பாதான்.

ஒரு மதியம் பாப்பா மாடியேறி வந்தாள். கன்னத்தில் தலையணைத் தடம்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லு பாப்பா."

"சுவத்துல சுடுற மாதிரி இல்ல. என் மண்டைக்குள்ள சுடுற மாதிரி இருக்கு."

ஒன்பதுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரி ஒரு மருந்துச் சீட்ட மூணு தடவ படிச்சேன். மூணாவது தடவதான் அளவு சரியாத் தெரிஞ்சுது. பயந்துட்டேன் அண்ணி."

"நாளையிலேர்ந்து துப்பாக்கியத் தொடல."

"தொட வேண்டாம்னு நான் சொல்லல. நீங்க ஜெயிக்கணும், நான் தூங்கணும். ரெண்டும் நடக்கணும்."

[இங்கே பாப்பாமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தூக்கம் கெட்டவள் இவ்வளவு நல்லவளாக இருப்பாளா? ஒரு பிரதியில் அவளைக் கத்தவிட்டுப் பார்த்தேன். நாத்தனார் என்றால் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று என் மனைவி பிரதியின் ஓரத்தில் எழுதி வைத்தாள். என் மனைவிக்கும் ஒரு நாத்தனார் உண்டு, என் தங்கை. கத்தலை அடித்துவிட்டேன்.]

'உங்க அண்ணன் ஊர்ல இருந்தா ஏதாவது வழி சொல்லியிருப்பாரு,' என்றாள் ஒன்பது. இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

 அவரை, அதாவது ஒன்பதின் கணவரை, வேலை விஷயமாக ஒரு மாதம் வெளியூர் அனுப்பியது நான்தான். ஆட்கள் அதிகமானால் எனக்குக் கை ஓடாது. இதன் பலனைப் பிறகு நானே அனுபவித்தேன்.

5

மறுநாள் விசாரணை. பாப்பா கீழே கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஒன்பது மேலே. நடுவில் போன்.

"சுடவா?"

"சுடுங்க."

டங்.

"ஐயோ. இதேதான்."

ஒன்பது கொஞ்சம் யோசித்தாள். ரைஃபிளை வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து, இரும்புப் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இது?"

"அதேதான் அண்ணி. ஆனா நீங்க சுடறேன்னு சொல்லவே இல்லையே."

"சுடல. கரண்டி."

போனில் இரண்டு பக்கமும் சிரிப்பு. இத்தனை நாளாகத் திட்டு வாங்கிய ரைஃபிள் நிரபராதி. 'டப்' மாடியோடு நின்றுவிடுகிறது. பெட்டியும் சுவரும் சேர்ந்து போடும் 'டங்'தான் பலகை வழியாகக் கீழே இறங்குகிறது.

பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். பின்பக்கத் தகடு அப்படியே இருக்க, அதற்கு முன்னால் கிழிந்த போர்வைத் துண்டுகளை இறுக்கி அடைத்தார்கள். கனமான முக்காலி ஒன்றில் பெட்டியை வைத்து, முக்காலியின் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டிப் போட்டார்கள். பெட்டி சுவரைத் தொடக் கூடாது என்பதில் பாப்பா கறாராக இருந்தாள். பிறகு கீழே போய்ப் படுத்து, போனை எடுத்தாள்.

"இப்ப சுடுங்க."

டப்.

"அண்ணி? சுடுங்க."

"சுட்டாச்சு பாப்பா."

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். சுபம் போட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் ஒன்பது அத்தோடு விடவில்லை. நல்லவர்களிடம் இதுதான் தொல்லை. சுடுகிறவர்கள் போடும் காலணிக்கு அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அந்தக் குதிகால் சத்தம்கூடப் பாப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று, தான் நிற்கும் இடத்தில் ஒரு மெத்துமெத்தென்ற விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டாள்.

6

மறுநாளிலிருந்து மதிப்பெண்ணில் அடி விழுந்தது. ஒன்பதுகள் எட்டாயின. ஒரு ஏழுகூட விழுந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். தன் கண்ணையே கடையில் பரிசோதித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

'டங்' கேட்காததால் கை பழக்கம் கெட்டுவிட்டதோ? வயதாகிவிட்டதோ? தேர்வுக்கு இன்னும் ஏழு நாள். பாப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் 'பழையபடியே சத்தம் போடுங்க' என்று அவள் தன் தூக்கத்தைத் தாரை வார்த்துவிடுவாள்.

மாற்று முடிவு ஒன்று: 'அவள் ரைஃபிளைத் துடைத்து, உறையில் போட்டு, பரணில் ஏற்றினாள். கீழே பாப்பா நிம்மதியாக—'

[அழகான சோகம், பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் பொய். பாப்பா கீழே நிம்மதியாகத் தூங்கவில்லை. எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.]

7

தேர்விலிருந்து விலகுவதாகச் சொல்ல ஒன்பது கீழே இறங்கிப் போனாள். கதவைத் திறந்த பாப்பாவின் கண் சிவந்திருந்தது.

"நீ தூங்கலியா?"

"முதல்ல ரெண்டு நாள் செத்த மாதிரி தூங்கினேன். அப்புறம்..." பாப்பா இழுத்தாள். "இவ்வளவு மெனக்கெட்டீங்களேன்னு சொல்லல. பலகை முனகுது அண்ணி."

"எப்ப?"

"ஒவ்வொரு குண்டுக்கும் முன்னாடி. முன்னெல்லாம் முனகவே முனகாது. குதிகால் டொக்குனு ஒரு சத்தம், அப்புறம் கப்சிப், அப்புறம் டங். கல்லு மாதிரி நிப்பீங்க. இப்ப அப்படியும் இப்படியும் ஆடுறீங்களே, என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஒன்பது தலைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மெத்தென்ற விரிப்பில் நின்றால் ஆள் ஆடாமல் என்ன செய்வாள்? சுடுகிறவளுக்குத் தெரியாதது, தூங்காமல் கிடந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"விரிப்ப எடுத்துட்டா மறுபடி டொக்கு கேக்குமே பாப்பா."

"அதுக்கு ஏன் கவல? கட்டில சமையலறைப் பக்கத்து ரூமுக்கு நகர்த்திட்டாப் போச்சு. அண்ணன் வந்ததும் நகர்த்தலாம்னுதான் இருந்தேன்."

[ஆம். கட்டிலை முதல் பக்கத்திலேயே நகர்த்தியிருக்கலாம். நகர்த்த வேண்டியவரை ஊரைவிட்டு அனுப்பியது யார்? வாசகரே, என்னை அப்படிப் பார்க்காதீர்கள்.]

தேக்குக் கட்டில், யானை கனம். போட்டியை வைத்துக்கொண்டு அண்ணியைத் தோள் கொடுக்கவிட மாட்டேன் என்றாள் பாப்பா. நோயாளிகளை நகர்த்துகிற மாதிரியே, கட்டில் கால்களுக்கு அடியில் ஒரு தடித்த போர்வையை நுழைத்து, தான் மட்டும் இழுத்தாள். கட்டில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

அன்று மதியம் விரிப்பை எடுத்துவிட்டுச் சுட்டதில், முதல் பத்து குண்டில் ஆறு பத்து. கீழே பாப்பா குறட்டை விட்டதாகக் கேள்வி.

8

தேர்வு நாள். நீளமான கூடம், வரிசையாக முப்பது பேர், முப்பது இரும்புப் பெட்டிகள். டங் டங் என்று கூரையே அதிர்கிறது. இரவுப் பணியை முடித்துக்கொண்டு, உடுப்பைக்கூட மாற்றாமல், நேராக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் பாப்பா.

ஐம்பத்தொன்பது குண்டு ஆயிற்று. ஒன்பது கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் குறி தப்பும். எனக்குத் தெரியும்: கடைசிக் குண்டு பத்து என்றால் மூன்றாம் இடம், ஒன்பது என்றால் வழக்கம்போல நான்காவது.

அவள் ரைஃபிளை இறக்கி, மூச்சு வாங்க ஒரு நொடி பின்னால் திரும்பினாள். முப்பது பெட்டிகளின் 'டங்'குக்கு நடுவே, வாய் லேசாகத் திறந்தபடி, பாப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதுக்குச் சிரிப்பு பொங்கியது. இருபது நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கிப் போயிற்று. முன்னால் திரும்பினாள். குதிகாலைத் தரையில் வைத்தாள். டொக். அப்புறம் கப்சிப்.

விசையை அழுத்திவிட்டாள். குண்டு கிளம்பிவிட்டது. பத்து மீட்டர்தான், ஆனால் நான் இங்கே பேனாவை மூடுகிறேன். பத்து என்று எழுதினால் சினிமா என்பீர்கள், ஒன்பது என்று எழுதினால் என் மனைவி சோறு போட மாட்டாள். என் பங்குக்கு ஒருத்தியைத் தூங்க வைத்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்ன எண் போட்டாலும் சரி, மெதுவாகப் போடுங்கள். பாப்பாவுக்கு இன்றும் இரவுப் பணி இருக்கிறது.