பகலில் ஓடாத ஏசி

கேட்டில் கை வைத்தபோதுதான் ஜீவிதாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. விடிந்து வெயில் ஏறிவிட்டது. அது ஓடக் கூடாத நேரம். யாருக்காவது உடம்பு முடியவில்லையோ என்று முதலில் திக்கென்றது. பிறகு வாசலைப் பார்த்தாள். மாமனாரின் செருப்பு இல்லை, புருஷன் அருளின் செருப்பு இல்லை, நேற்று சாயங்காலம் திருப்புட்குழியிலிருந்து வந்து இறங்கிய நாத்தனார் தீபிகாவின் செருப்பும் அவள் வீட்டுக்காரன் குருவின் பூட்ஸும் இல்லை. எல்லோரும் விடிவதற்கு முன்பே கருட சேவை பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். மாமியார் பொன்னியம்மாள் மட்டும் அடுக்களையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திருவிழாக் கூட்டத்தால் கம்பெனி பஸ் ஊருக்குள் வராமல் வெளியிலேயே இறக்கிவிட்டிருந்தது. அங்கிருந்து பிள்ளையார்பாளையம் வரைக்கும் நடந்தே வந்திருந்தாள். ராத்திரி முழுக்க ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களுக்குத் திருகு முடுக்கிய விரல்கள் இன்னும் மரத்துப்போய்க் கிடந்தன. கம்பெனியில் மெஷின்களுக்காக மார்கழி மாதத்துக் குளிரை வைத்திருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அக்கினி நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோகும் நிலைக்கு வந்திருந்தது.

இந்த ஏசியை வாங்கச் சொன்னவளே அவள்தான். தவணை அவள் சம்பளத்தில்தான் போகிறது. அறை மேற்குப் பார்த்த அறை. மேலே மொட்டை மாடி, ஒரு மர நிழல் கிடையாது. மதியத்துக்கு மேல் ஃபேனைப் போட்டால் மாடிச் சூட்டைத்தான் அது இழுத்து மேலே கொட்டும். வாங்கலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மாட்டிய அதே வாரம் கம்பெனியில் அவளை நிரந்தரமாக நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஏசி, காலை ஆறு மணிக்கு நிறுத்தம் என்று மாமனார் கோதண்டபாணி சட்டம் போட்டார். ரிமோட் அவர் சட்டைப் பையில் இருக்கும். மாமனார், மாமியார், அருள் மூன்று பேரும் அந்த அறையில் கட்டிலிலும் பாயிலுமாகப் போர்வைக்குள் சுருண்டு தூங்குவார்கள். அவள் வந்து சேரும்போது ஏசி அணைந்து, கதவு திறந்து, கொஞ்ச நஞ்சக் குளிரும் கூடத்துப் பக்கம் போயிருக்கும். அருளுக்கு இன்னும் யோகம். அவன் காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். பகலெல்லாம் கடை ஏசி, இரவெல்லாம் வீட்டு ஏசி. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதே அந்த மனிதனுக்குத் தெரிய நியாயமில்லை.

கோதண்டபாணி கரண்ட்டை மிச்சம் பிடிப்பதை ஒரு விரதம் போலச் செய்வார். யாராவது குளியலறையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தால் பின்னாலேயே போய் விளக்கை அணைப்பார். மதியம் ஃப்ரிட்ஜை நிறுத்துவார். மீட்டர் ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்பது அவர் முடிவு. மாடிக்குச் சுண்ணாம்பாவது அடிக்கலாம் மாமா, சூடு குறையும் என்று ஜீவிதா ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். "ஏசியே வாங்கியாச்சு, அப்புறம் எதுக்குமா சுண்ணாம்பு?" என்றார். அப்படியென்றால் பகலில் கொஞ்ச நேரம் ஏசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "பகல்ல இன்னாமா ஏசி? ஊரு ஒலகம் வேல செய்யற நேரத்துல?" என்றார். இரண்டுக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது ஒரு ஈரத் துண்டு. ஜன்னலில் பழைய புடவையை நனைத்துக் கட்டுவாள், தரையில் தண்ணீர் தெளிப்பாள், வெறும் தரையில் துண்டை விரித்துப் படுப்பாள். துண்டு காய்ந்ததும் விழிப்பு வரும். எழுந்து நனைப்பாள், மறுபடி படுப்பாள். அது தூக்கமில்லை, துணி காயப்போடுகிற வேலை.

வாரத்தில் ஒரு ராத்திரி லீவு. அன்றைக்கு அவளும் ஏசியில் படுப்பாள். ஆனால் அந்த நேரத்தில் விழித்தே பழகிய உடம்பு தூங்காது. மூன்று பேரின் குறட்டைக்கு நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள்.

போன வாரம்தான் அது நடந்தது. லைனில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. பக்கத்தில் நின்ற அபி தொடையில் கிள்ளி எழுப்புவதற்குள் திருகு இல்லாமல் இரண்டு துண்டுகள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. சூப்பர்வைசர் கத்தவில்லை. "இன்னொரு தடவ கண்ண மூடினா அடுத்த நாள் பஸ் ஏற வேணாம்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். கான்ட்ராக்ட் வேலைக்கு அதுவே அதிகப்படியான மரியாதை. வீட்டில் அருளிடம் சொன்னாள். "பகல்ல நல்லா படுத்துத் தூங்கேன் ஜீவி," என்று கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே சொன்னான். அந்தச் சீப்பைப் பிடுங்கி உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. அந்த ஆத்திரம் உள்ளேயே கிடந்தது. இன்றைக்கும் ராத்திரி ஷிஃப்டு. இன்றைக்குத் தூங்கவில்லையென்றால் வேலை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அடுக்களையில் பொன்னியம்மாள் உளுந்தை மிக்ஸி ஜாரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் பாயசத்துக்குப் பால். புடவை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏன் அத்த, ரூம்ல யாருமே இல்ல, ஏசி ஓடிக்கினு இருக்குது?"

பொன்னியம்மாள் திரும்பவில்லை. "மாமாதான் போட்டு வச்சிட்டுப் போனாரு. மாப்ள வெயில்ல வருவாராம். வரும்போது ரூமு ஜில்லுனு இருக்கணுமாம்."

"எப்பலேர்ந்து ஓடுது?"

"அவுங்க கெளம்பினதுலேர்ந்து நிறுத்தவே இல்லமா. கேட்டதுக்கு, சுவரெல்லாம் குளுரணும்னாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ இன்னிக்கு ஒரு நாளு கூடத்துல படுத்துக்கமா. மாப்ள வந்து சாப்ட்டு அங்கதான் படுப்பாரு. சாய்ந்தரம் பூட்டுவாங்க."

ஜீவிதா நின்ற இடத்திலேயே நின்றாள். சுவர் குளிர வேண்டும். செங்கல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் பகலில் ஏசி போடலாம். அவளுக்குப் போடக் கூடாது. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிற ஒரு உடம்பு இந்த வீட்டில் சுவருக்கும் கீழே. யூனிட், யூனிட் என்று மாலை போட்டவரைப் போல ஜபித்த மனிதர் ஆளில்லாத அறையைக் குளிர வைத்துவிட்டுச் சாமி பார்க்கப் போயிருக்கிறார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காது இரண்டும் சுடத் தொடங்கின.

"கூடத்துல எங்க அத்த படுக்கறது? அஞ்சு பேரு உக்காந்து சாப்டற எடத்துல, நடுவுல நான் படுத்துத் தூங்கறதா?"

"நான் இன்னாமா பண்றது? எங்கிட்ட கேட்டா எதுவும் நடக்குது?" என்று சொல்லிவிட்டுப் பொன்னியம்மாள் மிக்ஸியைத் தட்டினாள்.

அந்தச் சத்தத்துக்குள் ஜீவிதா அறைக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் வந்து மோதியது. கட்டிலில் புதுப் படுக்கை விரிப்பு; அவள் சீர் வரிசையில் வந்தது, இதுவரை பிரிக்காதது. தலையணைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் துண்டு, சொம்பில் தண்ணீர். எல்லாம் யாரோ வந்து படுப்பதற்காகக் காத்திருந்தது. அவள் கட்டிலில் படுக்கவில்லை. அது அவர்களுக்கே இருக்கட்டும். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள், துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, வழக்கம் போலத் தரையிலேயே படுத்தாள். தரை அவ்வளவு குளிர்ச்சியாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கன்னத்தை அதில் வைத்தாள். மிக்ஸியின் சத்தம் தூரமாகப் போனது.

கதவைத் தட்டும் சத்தத்தில்தான் விழித்தாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. கண் இமைகள் பிரிய மறுத்தன.

"ஜீவி. ஏய் ஜீவி. கதவத் தெற." அருள்.

"தூங்கிக்கினு இருக்கேன்."

"மாப்ள வந்து நிக்கறாரு. காலைலேர்ந்து கூட்டத்துல நின்னு கால் கடுத்துப் போயிருக்காரு. எழுந்து வா."

"நான் நேத்து ராத்திரிலேர்ந்து நின்னுக்கினு இருந்தேன்."

வெளியே தட்டுவது நின்றது. இப்படி ஒரு பதில் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இன்னா அண்ணி இது?" இப்போது தீபிகா. "நாங்க இன்னா தெனமுமா வர்றோம்?"

"நீ வா தீபி, உன்ன யாரு வேணாம்னது? வந்து படு. உங்க வூட்டுக்காரரு கட்டில்ல படுக்கட்டும். நான் கீழ ஒரு ஓரமா கெடக்கறேன். எழுந்து மட்டும் போவ மாட்டேன்."

"மாப்ள படுக்கற ரூம்ல மருமவ படுப்பாளா? பேசறத யோசிச்சுப் பேசு," என்று அருள் பல்லைக் கடித்தான்.

"பரவால்ல மச்சான், வுடுங்க, நான் இப்படியே உக்காந்துக்கறேன்," என்று குரு இழுத்தான். அந்த 'பரவால்ல'வில் எவ்வளவு பரவாயில்லை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போய் அவன் அம்மாவிடம் அதை வேறு மாதிரிச் சொல்வான்.

அதுதான் கோதண்டபாணியைக் கிளப்பிவிட்டது. "ஏசி அவ சம்பளத்துல வாங்கினதுன்ற திமிரு," என்றார், அவளிடம் சொல்லாமல் கூடத்துக்குப் பொதுவாக.

மூன்று வருஷமாக மாமனாருக்கு நேராக அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. தரையில் படுத்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆமா மாமா. அந்தத் திமிருதான். ஆளில்லாத ரூமுக்கு ஓடும்போது உங்க யூனிட்டு எங்க போச்சு? நான் ஒருத்தி படுத்தாதான் மீட்டரு சுத்துதா?"

"பாத்தியாடா, பாத்தியா? மெயின எறக்குடா," என்றார் கோதண்டபாணி. "பாக்கறேன், எத்தினி நேரம் உள்ள இருக்கறான்னு. வெந்து தானா வெளிய வருவா."

"அப்பா, வேணாம்பா..."

"எறக்குடான்றேன்!"

அருள் இறக்கினானோ அவரே இறக்கினாரோ தெரியவில்லை. கூடத்தில் டக்கென்று ஒரு சத்தம். ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. மேலே ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அடுக்களையில் மிக்ஸி பாதியில் அடங்கியது. வீடு அப்படியே அமைதியானது. பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் அப்போதுதான் இத்தனை தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, மாவு பாதில நிக்குதே," என்றாள் பொன்னியம்மாள்.

"கெடக்கட்டும்."

அறைக்குள் குளிர் போகத் தொடங்கியது. முதலில் கூரைப் பக்கம்தான் போகும், ஜீவிதாவுக்குத் தெரியும். பிறகு மேற்குச் சுவர் மெல்லச் சூடேறும். கடைசியாகத்தான் தரை. அதிலும் கட்டிலுக்குக் கீழே ஜன்னல் எதிர்ப்பக்க மூலையில் மதியத்துக்குப் பிறகும் கொஞ்சம் ஈரக் குளிர்ச்சி தங்கும். அவள் அங்கே நகர்ந்துகொண்டாள். மாப்பிள்ளைக்கு வைத்திருந்த துண்டை எடுத்து, சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி, பிழிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள். சிரிப்பாக வந்தது. வேகவைத்து வெளியே எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வீட்டின் பகலை இதுவரை யார் தின்றது? கோடை பிறந்த நாளிலிருந்து அவள் ஒருத்திதான் இந்த உலையில் படுத்துப் படுத்து எழுந்திருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் இன்றைக்குத்தான் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

"எம்மா நேரம் ஆவும் மாமா?" என்றான் குரு.

"இதோ வந்துருவா மாப்ள."

அடுக்களையில் அடுப்பைத் திருகி அணைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. "அப்ப பலகாரமும் கெடக்கட்டும்," என்றாள் பொன்னியம்மாள். அவள் அடுக்களை வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்ததும் கேட்டது.

ஜீவிதா கண்ணை மூடினாள். நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. அருள் கதவருகே வந்து, "ஜீவி, ப்ளீஸ்," என்று கிசுகிசுத்தான். அதற்கும் அசையவில்லை. தூக்கம் கணுக்காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதை இந்தத் தடவை யாருக்காகவும் கீழே இறக்குவதாக இல்லை.

வெளியே புதிதாக ஒரு சத்தம் தொடங்கியது. பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டை மூடியை வைத்து யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். தீபிகாவாகத்தான் இருக்கும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு நின்று, கை மாற்றிக்கொண்டு மறுபடியும்.

"ஜன்னலயாவது தெறங்கப்பா," என்றான் குரு. இப்போது அவன் குரலில் 'பரவால்ல' இல்லை.

"தெறந்துதான் மாப்ள இருக்குது," என்றார் கோதண்டபாணி.

அட்டை மூடி படபடத்தது. நின்றது. இன்னொரு கைக்கு மாறியது.