விட்ட இடம்

நளினி வாய்க்கரிசித் தட்டை அடுத்தவருக்கு நீட்டிய நேரத்தில் உள்ளறையில் குரல் நின்றது.

"நளினி, நின்னுடிச்சி," என்றாள் அம்மா. கூடத்தில் கிடத்தியிருந்த நளினியின் அண்ணன் தலைமாட்டை விட்டு அவள் அசையவில்லை.

"காதுல விழுந்துச்சும்மா."

தட்டைப் பக்கத்து லைன் வீட்டுக் குமுதாவின் கையில் திணித்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நளினி உள்ளே போனாள். மேசையில் குணாளன் அண்ணனின் மடிக்கணினி. திரை இருட்டாக இருந்தது. சர்க்கரையில் கண் போன பிறகு அவன் திரைக்கு வெளிச்சம் வைப்பதில்லை. "யாருக்குக் காட்டறதுக்கு?" என்பான். அடிவரிசையில் இருந்த நீளமான விசையை அழுத்தினாள். சளி பிடித்த வெள்ளைக்காரனைப் போல அது மறுபடி ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் படிக்கும், நிற்கும். அழுத்தினால் அடுத்த பக்கம். காலையிலிருந்து இதே வேலை.

வெளியே வந்தபோது ரிங்லெட் டவுனிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் குமுதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள யாரு, பாஸ்டரா? இவங்க எப்ப மதம் மாறுனாங்க?"

"கம்ப்யூட்டர்லா, அங்கிள். புக்கு படிக்குது."

"சாவு வீட்டுலயா?"

நளினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வாசலிலிருந்து காளிமுத்து மாமா வந்தார். சட்டையெல்லாம் தூறல். "வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். ஈப்போவுல ரெண்டு மணிக்கு எரிக்க நேரம் வாங்கியிருக்கு. விட்டா நாளைக்குத்தான். ஒங்கம்மாகிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லுங்க மாமா. ஒங்க அக்காதானே."

"சொன்னேன்லா. புக்கு முடியட்டும், அப்பறம் தூக்குங்கங்குது. எப்பத்தான் முடியும் அது?"

"இன்னிக்கி முடியாது."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நளினி அம்மாவின் பக்கத்தில் குனிந்தாள். "அம்மா, அது தேவாரம் இல்ல. கம்ப்யூட்டருக்கு எப்படிக் கட்டளை போடறதுன்னு சொல்ற புக்கு. வேலைப் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்தான்."

"எதுவா இருந்தா என்ன? பாதியில விட்டுட்டுப் போறான்ல."

"இனிமே அவனுக்கு அது எதுக்கும்மா?"

அம்மா அவன் நெற்றியில் கை வைத்தாள். காலையில் அவள்தான் முதலில் பார்த்தவள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே குரல் நின்றிருக்கிறது. அது தினமும் நிற்பதுதான். மூச்சு விடும் நேரத்தில் அவன் விசையைத் தட்டுவான், குரல் தொடரும். இன்று தட்டவில்லை. கல்லில் தோசை கருகும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

குரல் மறுபடி நின்றது.

"நளினி."

"போறேம்மா! போய்த் தொலையிறேன்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நளினி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தீபாவளிக்கு அவள் வந்திருந்தபோது அண்ணன் அவளை இந்த மேசையில் பிடித்து உட்கார வைத்திருந்தான். "மவுஸெல்லாம் எதுக்கு? விரல் இருக்குல்ல. டிகிரி முடிச்சவ, பட்டனுக்குப் பயப்படுறா பாரு." அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் விடவில்லை. "ஷிஃப்ட்ட புடிச்சிக்கிட்டு புள்ளிய அடிச்சா நேரா கடைசிக்குப் போயிடும். போன எடம் பிடிக்கலன்னா எல் எழுத்து. எல் அடிச்சா விட்ட எடத்துக்கே கூட்டிக்கிட்டு வந்துடும்."

வெளியே வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

நளினி ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு புள்ளியை அழுத்தினாள்.

குரல் தாவிப் போய், புத்தகத்தின் கடைசியில் இருந்த சொல்லடைவை அகர வரிசையில் தனித்தனிச் சொற்களாகப் படித்தது. தட்டத் தட்டப் படித்துக்கொண்டே போய், இதற்கு மேல் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

"முடிஞ்சிதும்மா," என்றாள் வெளியே வந்து.

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "நெசமா?"

"கடைசிப் பக்கம்."

அம்மா அண்ணனின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "சரி. தூக்கச் சொல்லு."

வேன் தேயிலைச் சரிவின் வளைவுகளில் இறங்கி, பனிமூட்டத்தில் மறைந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போனார்கள். அம்மா மட்டும் தலையில் ஈரத்தோடு அடுப்படியில் உட்கார்ந்து, காலையில் கருகிய தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

நளினி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீளமான விசையின் நடுவில் அவன் கட்டைவிரல் பட்ட இடம் வழவழவென்று இருந்தது.

எல் அழுத்தினாள்.

குரல் ஒரு பத்தியின் நடுவிலிருந்து படித்தது. அவளுக்குப் பாதி புரியவில்லை. பக்கம் முடிந்தது, நின்றது.

அடுப்படியில் கல் தேய்க்கும் சத்தமும் நின்றது. அம்மா கூப்பிடவில்லை.

நளினி விசையைத் தட்டினாள். குரல் தொடர்ந்தது. கொஞ்சம் கழித்து, கல் தேய்க்கும் சத்தமும்.