வயிற்றைப் பார்த்து அடித்த விசில்

நாலு நாள் வா, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டவர், நாங்கள் வந்து இறங்கியதும் லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார். இருக்கிற லீவையெல்லாம் என் பிரசவத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாராம். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? என் வீட்டுக்காரர் இந்தப் பெரிய நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். அதனால் அவர் பஸ்ஸிலேயே ஏறி, அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து நானும் என் மகள் சிட்டுவும் ஊர் பார்த்தோம். அதே மேம்பாலம், அதே கண்ணாடிக் கட்டடம், அதே நீல நிறப் பல் ஆஸ்பத்திரி, தினம் மூன்று தரம்.

எனக்கு ஏழு மாதம். சிட்டுவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. என் வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தாள்.

ஊர் பார்ப்பதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் இவளை இவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும், எங்களுக்கு வேறு நாதி இல்லை. இவளோ அப்பாவை வருஷத்துக்கு மூன்று தடவை பார்ப்பவள். அவர் கையை நீட்டினால் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். இந்த முறை ஒரு யானைப் பொம்மை வாங்கி வைத்திருந்தார். பொம்மையை வாங்கிக்கொண்டாள், ஆளை வேண்டாம் என்றுவிட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்தபோது சிட்டு சீட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் இருப்பவருக்கு என் மூத்திரப்பையை உதைப்பதே பொழுதுபோக்கு. இனி தாங்காது என்று எழுந்தேன்.

"ஏழு நிமிஷம் நிக்கும். அவ தூங்கறா, நான் பாத்துக்கறேன். ஓடாத, மெதுவா போயிட்டு வா" என்றார் இவர்.

கழிப்பறை வாசலில் நீள வரிசை. என் வயிற்றைப் பார்த்தும் ஒரு புண்ணியவதி வழிவிடவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தால், பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

மெதுவாவது, ஒன்றாவது. ஓடினேன். நேரக்காப்பாளர் அறைக்குள் நுழைந்து, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்டக்டருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்டது.

"அண்ணி பின்வாசல்ல ஏறினாங்களே சார். நான் பாத்துட்டுத்தான் விசிலே அடிச்சேன்" என்றார் கண்டக்டர். அவர் பஸ்ஸின் பின்பக்கம் நடந்து போவது கேட்டது. பிறகு, "ஐயையோ சார், இது வேற ஒரு மாசமான அம்மா" என்றார். வயிற்றைப் பார்த்த மகராசன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் குரலுக்குப் பின்னால் சிட்டு வீறிட்டு அழுவது கேட்டது.

"அடுத்த பஸ்ல ஏறிடாதீங்கம்மா. நீங்க போறப்ப அவங்க எதிர்ல வந்துட்டிருப்பாங்க" என்று நேரக்காப்பாளர் தன் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். "இங்கயே உக்காருங்க. ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துடும்."

உட்கார்ந்து எல்லோரையும் திட்டினேன். கண்டக்டரை, வரிசையில் நின்றவர்களை, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்த மனுஷனை. கடைசியில் என்னையே திட்டிக்கொண்டேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் இல்லை, பெற்ற அப்பாதானே. அம்மாவைத் தொலைத்தது இந்த ஆள்தான் என்று அவள் மனசில் பதிந்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம் பிரசவத்துக்கு எப்படி விட்டுவிட்டுப் போவேன்? ஒவ்வொரு பஸ் உள்ளே வரும்போதும் எழுந்து நின்றேன். நேரக்காப்பாளர் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது.

ஒருவழியாக அந்த பஸ் வந்தது. இவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, சிட்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். அவள் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடு போட்டிருந்தது. இவர் கண்ணும் சிவந்திருந்தது.

"வண்டிய நிறுத்தவும் முடியல, இவளத் தூக்கவும் முடியல" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "கத்திக்கிட்டே வந்தா. நான் ரோட்டப் பாப்பேனா, இவளப் பாப்பேனா?"

"மேம்பாலத்துக்குக் கீழ சிக்னல்ல அண்ணன் உடைஞ்சு போயிட்டாரு அண்ணி" என்று கண்டக்டர் பின்னாலேயே வந்து சொன்னார். "அவர் அழறதப் பாத்ததும் பாப்பா கப்புன்னு நிறுத்திட்டா."

அவரைத் திட்டுவதற்கென்று ஒன்றேகால் மணி நேரமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். "வாடி கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

சிட்டு வரவில்லை. ஒரு கையால் அவர் கழுத்தை வளைத்துக்கொண்டு, மறு கையால் அவர் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் வந்தா அப்பா அழுவாரும்மா" என்றாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.