பின்வரிசைக்குக் கேக்கலையாம்

நல்ல சேதி சொல்ல நாலு பேர் முந்திக்கொண்டு ஓடுவார்கள்; கெட்ட சேதிக்கு யாரையாவது பிடித்துத் தள்ளித்தான் அனுப்ப வேண்டும். அப்படித் தள்ளிவிடப்பட்டவள் சின்னவள், ஓர் இசைக்குழுவின் பாடகி. தள்ளியவர்கள் அவளோடு மேடையில் நிற்கும் இசைக்குழுக்காரர்கள். குழுவில் இனி பாட்டுக்கு அடியில் தடித்த சத்தம் கொடுக்கும் பேஸ் கிதார் வேண்டாம், கீபோர்டுக்காரரே இடது கையால் அந்த வேலையையும் பார்த்துக்கொள்வார் என்று முடிவாகியிருந்தது. பேஸ் வாசிப்பவள் சின்னவளுடைய சொந்த அக்கா.

நீ கூடப் பிறந்தவள், நீ சொன்னால் அக்கா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று கீபோர்டுக்காரர் தேன் தடவிப் பேசினார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசி, கடைசியில் பூனையின் தங்கையை அனுப்பிவைத்த கதைதான். சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். சின்னவள் தலையாட்டினாள். அவளுக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

சேதியை நெஞ்சில் சுமந்துகொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு சாவியோடு வாசலில் நின்றாள். புதிதாக ஒரு பேஸ் கிதார், அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் பெட்டி என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிடுவதென்று கிளம்பியிருந்தாள். நல்ல நேரத்தில் வந்தாய், நீயும் ஒரு காது கொடு என்று தங்கையைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பாள். க்ளச்சை மிதிக்கச் சொன்னால் எறும்பை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீர்களே என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாணவர் இல்லை. சின்னவள் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். டாக்டர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்பதை, இதோ கூப்பிட்டுவிடுவார்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லிப் பழகியவள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் ஒருத்திக்கு வாயில் பூட்டு கிடையாது. இன்னொருத்திக்குச் சாவி கிடையாது.

காரில் போகும்போது சொல்லிவிடலாம் என்று சின்னவள் நினைத்தாள். அதற்குள் அக்காவே பேச்சை எடுத்தாள்.

"நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லடி. பின்வரிசைக்குக் கேக்கலையாம்னு ஒரு தடவை சொன்னியா, ரெண்டு தடவை சொன்னியா? ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சும் சொல்றே. இருக்கிற பெட்டி போதலை. அதான் இன்னைக்குப் பெருசா வாங்கிடறதுன்னு இருக்கேன்."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்னது உண்மைதான். நிகழ்ச்சி முடிந்ததும் பின்வரிசை ஆட்கள் வந்து, உங்க குரலே கேட்கவில்லை, பேஸ் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது என்பார்கள். அதை அப்படியே அக்காவிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வலிக்கிற வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் மெதுவாகக் கொடுத்தாள்: பின்வரிசைக்குக் கேக்கலையாம். யாருக்குக் கேட்கவில்லை என்பது இருந்தது. எது கேட்கவில்லை என்பது இல்லை. அந்தக் காலி இடத்தில் அக்கா தன் பேஸை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் சத்தக் குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

சின்னவளுக்கு அது தெரியாமல் இல்லை. முதல் தடவையே திருத்தியிருக்கலாம். இரண்டாம் தடவை கொஞ்சம் கஷ்டப்பட்டாவது திருத்தியிருக்கலாம். அதற்குப் பிறகு, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தே காலத்தை ஓட்டினாள். இப்போது நோகடிக்காமல் சொன்ன அதே தயவால் அக்கா குழுவை விட்டே போகிறாள். போகிற நேரத்தில் பெரிய பெட்டியும் வாங்கப் போகிறாள்.

கடை நீளமான ஓர் அறை. சுவர் முழுக்கக் கிதார்கள் கழுத்தால் தொங்கின. கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு, குழந்தைக்கு வாங்குகிறீர்களா மேடம் என்று சின்னக் கிதார்கள் இருந்த பக்கம் கை காட்டினார். நான் குழந்தை மாதிரி தெரிகிறேனா என்று பெரியவள் கேட்ட கேள்விக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கிதாரைத் தேர்ந்தெடுக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விட்டுவிடுவாள். தலைப்பக்கம் கனத்துத் தரையைப் பார்த்துச் சரிந்தால் அந்தக் கிதார் உடனே சுவருக்குத் திரும்பிப் போகும். தானாக நிற்கத் தெரியாததை நிகழ்ச்சி முழுக்க நான் தாங்கிப் பிடிக்க முடியுமா என்பாள். ஐந்து கம்பி வைத்த ஒன்றைக் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் காட்டினார். நாலையே ஒழுங்காக வாசிப்பதற்குள் உயிர் போகிறது என்று அதையும் தள்ளினாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு யோசிக்கவில்லை என்று வீட்டில் சொல்வார்கள், மாப்பிள்ளையே சொல்வார். கடைசியில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று தோளில் தொங்கியபடி அசையாமல் நின்றது. பெரியவள் அதன் கழுத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவைச் சின்னவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்தாள். பெட்டிகளைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

பெட்டிகளில் இரண்டு தேறின. ஒன்று, ஆம்ப்ளிஃபயரும் ஒற்றை ஸ்பீக்கரும் சேர்ந்தே இருக்கிற சின்னப் பெட்டி. ஒரு கையால் தூக்கிவிடலாம். இன்னொன்றில் நாலு ஸ்பீக்கர்கள், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரம், தலையில் தனி ஆம்ப்ளிஃபயர். பெரியவள் சின்னதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெரியதன் முன்னால் போய், மேடையில் நிற்பதுபோலவே பெட்டிக்கு முதுகைக் காட்டி நெருங்கி நின்றாள். வாசித்தாள். பத்தவில்லை என்று குமிழைத் திருகினாள். மறுபடி வாசித்து, மறுபடி திருகினாள்.

வாசல் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அந்தச் சத்தம் நெஞ்சாங்கூட்டில் இறங்கிக் குடைந்தது. பக்கத்தில் நிற்பவளுக்கோ பத்தவில்லை. பெட்டி தரையில் இருந்துகொண்டு அவள் தொடையைப் பார்த்துப் பாடினால் காதுக்கு எப்படி எட்டும்? கடைக்காரர் சுவரோரமாக நின்று புன்னகை செய்துகொண்டிருந்தார். வாங்க வந்தவரிடம் சத்தம் அதிகம் என்று எந்த வியாபாரி சொல்வார்?

"இதுதான். ஆனா டிக்கியில நுழையுமான்னு அளந்துட்டு வரேன்" என்றாள் பெரியவள். கிதாரைக் கழற்றித் தங்கையின் தோளில் மாட்டினாள். "வண்டி வாங்கும்போது இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாக்கணும். இந்தத் தடிக் கம்பியை மட்டும் தட்டிட்டே இரு. நிறுத்தாத. சூடாகுதான்னு பாக்கலாம்."

அளவு நாடாவோடு அவள் தெருவில் இறங்கிப் போனாள். கார் தெருக்கோடியில் நின்றது. சின்னவள் தடிக் கம்பியைத் தட்டினாள். தரை அதிர்ந்தது. இன்னொரு தட்டு, சுவரில் தொங்கிய கிதார்களெல்லாம் மெல்ல முனகின. அவள் கடைக்காரரிடம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். அவர் காதில் விழவே இல்லை. புன்னகை மட்டும் செய்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்தத் தைரியம் வந்தது. இந்தச் சத்தத்துக்குள் எதைச் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. கம்பியைத் தட்டிக்கொண்டே, இத்தனை நாள் சொல்லாததை வாய்விட்டுச் சொன்னாள். அக்கா, உன்னை எடுத்துட்டாங்க. அக்கா, கேக்காதது உன் பேஸ் இல்ல. இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசானது. கண்ணில் நீர் முட்டியது. நிமிர்ந்தபோது பெரியவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்; அந்தச் சத்தத்தில் அவளுக்கும் ஒரு சொல் எட்டியிருக்காது.

பெரியவள் நேராக வந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். திடீரென்று வந்த அமைதி காதை அடைத்தது.

"தெருக்கோடியில டிக்கியைத் திறந்துட்டு நிக்கிறேன். டிக்கிக் கதவு என் கையில நடுங்குது" என்றாள். குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. "பக்கத்து மருந்துக்கடைக்காரர் என்னமோ ஏதோன்னு வெளியில வந்து நிக்கிறார். இதுகிட்ட நின்னு வாசிக்கும்போது எனக்கு இதுல பாதிகூடக் கேக்கலையேடி."

சின்னவள் கிதாரின் வாரைத் தோளிலிருந்து கழற்றினாள்.

"பின்வரிசைக்குக் கேக்கலையாம்னு சொன்னியே. என்ன கேக்கல?"

"என் குரல்."

பெரியவள் அந்தப் பெரிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் எதையோ எடுக்கிறவர்போல உள்ளறைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. கீபோர்டுக்காரர் பேசியது, எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தது, அதைச் சொல்லத்தான் தான் காலையில் வந்தது எல்லாவற்றையும் சின்னவள் கொட்டித் தீர்த்தாள். நீயும் சரியென்று சொன்னாயா என்று அக்கா கேட்டாள். தலையாட்டினேன் என்றாள் சின்னவள்.

திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவள் விரல் நுனிகளில் காய்த்துப்போயிருந்த தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க என்னை வேண்டாம்னு சொன்னது போகட்டும்" என்றாள் கடைசியில். "இத்தனை நாள் உன் குரல் மேல நான் ஏறி நின்னுட்டு இருந்திருக்கேன். காலை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீ. அவ்வளவு பயமா என்னைப் பாத்து?"

சின்னவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. பயம்தான். வேறென்ன? அக்காவை யாரும் நோகடிக்கக் கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்தது, அக்காவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகப் போய்விட்டது. அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

பெரியவள் அவளை அழவிட்டாள். பிறகு எழுந்து கேபிளைப் பெரியதிலிருந்து பிடுங்கிச் சின்னப் பெட்டியில் செருகினாள். அதைத் தூக்கி ஒரு மேஜைமேல், காது உயரத்துக்கு வைத்தாள். கிதாரை வாங்கி மாட்டிக்கொண்டு, கேபிள் எட்டுகிற தூரம் வரைக்கும் பின்வாங்கி நின்றாள்.

"பாடு."

"இங்கேயா?"

"உன் பாட்டை நான் ஒரு தடவைகூட ஒழுங்காக் கேட்டதில்லை. பாடுடி."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் எப்போதும் முதலில் எடுக்கிற பாட்டைத் தொடங்கினாள். பெரியவளும் வாசித்தாள். பழக்கதோஷம், இரண்டாம் அடியிலேயே விரல்கள் முறுக்கேறின. சின்னவளுக்குத் தன் குரல் தனக்கே மங்கியது. வேறு நாளாக இருந்தால் எப்போதும்போல அதன்மேல் பாடிக்கொண்டே போயிருப்பாள். நிறுத்தினாள்.

"அக்கா, உன் சத்தம் அதிகம். என் குரல் எனக்கே கேக்கல."

பெரியவள் ஒரு முறை முறைத்தாள். க்ளச்சைத் தப்பாக மிதித்தவர்களைப் பார்க்கிற அதே முறைப்பு. பிறகு போய்க் குமிழைக் குறைத்தாள். இப்போது என்று கேட்டாள்; இன்னும் கொஞ்சம் என்றாள் சின்னவள். குறைத்தாள். இப்போது பாட்டின் அடியில் பேஸ் மெத்தென்று ஓடியது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சரணத்துக்குப் போனாள். உச்சியில் ஏறி நின்று, நீட்டி இழுத்து, இறங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மேல் சுரத்துல நிக்கும்போது சுருதி கீழ இறங்குதே. எப்பவுமே இப்படித்தான் பாடறியா?"

சின்னவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. இன்னொரு முறை அந்த இடத்தை மட்டும் பாடினாள். பெரியவள் சரியான சுரத்தைக் கம்பியில் தொட்டுக் காட்டினாள். ஆமாம், இறங்கத்தான் செய்தது. கொஞ்சம்தான்; ஆனால் இறங்கியது.

"இத்தனை நாளா யாருமே எங்கிட்டச் சொல்லலையே" என்றாள் சின்னவள்.

"என் சத்தத்துல யாருக்குடி கேட்டிருக்கும்?" என்றாள் பெரியவள்.

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சின்னவளுக்கு அழுகையும் நின்றபாடில்லை. கடைக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, எந்தப் பெட்டியைக் கட்டச் சொல்லட்டும் என்று கேட்டார். பெரியவள் மேஜைமேல் இருந்த சின்னதைக் காட்டினாள். சனிக்கிழமை ஒத்திகைக்கு இதோடு வரப்போவதாகவும், ஒரு பாட்டு வாசிக்கப்போவதாகவும், அப்புறமும் வேண்டாமென்றால் அதை எல்லார் முன்னாலும் சின்னவள்தான் தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் தங்கையிடம் சொன்னாள்.

சின்னவள் தலையாட்டப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்றேன்" என்றாள். "இப்ப அந்த மேல் சுரத்தை இன்னொரு தடவை தொட்டுக் காட்டு."