ஒரு விரல் இடைவெளி

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: சமத்துவம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலம், ஹோம்ஸ் வட்டாரத்தில், இன்று மாலை வறுத்த கோழியுடன் அது பரிமாறப்படும். கை கழுவிவிட்டு வரவும்.

பேருந்தின் ஒலிபெருக்கியில் ஏறத்தாழ இப்படித்தான் முழங்கினார் ஓய்வுபெற்ற பேராசிரியர் வெண்டல் கிரிம்ஷா. ஆண்டுதோறும் ஒரு கூட்டம் முதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, பொன்னுலகம் படைக்கப் புறப்பட்டுக் கலைந்துபோனவர்களின் பழைய ஊர்களைச் சுற்றிக்காட்டுபவர். காலையில் ஸோவார் என்ற ஊரில், சொத்தையெல்லாம் பொதுவில் வைத்து வாழ்ந்தவர்களின் வீடுகளைப் பார்த்தோம். கழிப்பறை வரிசையில் யார் முன்னால் என்று அங்கேயே சண்டை வந்தது. நான் உள்ளூர்க்காரன், அவருக்கு உதவியாள்.

ஓட்டுநர் ஆட்லி ஷ்லாபாக், காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு வெளியேறியதால் சபை அவனை விலக்கிவைத்திருந்தது. விலக்கப்பட்டவனோடு சபையார் பேசலாம், அவனுக்குச் சாப்பாடு போடலாம். ஒரே மேஜையில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அன்று எங்களுக்கு விருந்து வைத்தவர் அவன் அம்மா சலோமா.

“இந்த டிரிப்ப ஏண்டா கேட்டு வாங்கின?” என்றேன்.

“அம்மாகூட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். ஏதோ வழி பண்றேன்னாங்க.”

வழி எளிது. எங்கள் நீள மேஜையின் கடைசியில் ஒரு சின்ன மேஜை. நடுவே ஒரு விரல் இடைவெளி. இரண்டின்மேலும் ஒரே வெள்ளை விரிப்பு. மேலே பார்த்தால் ஒரு மேஜை. சபை குனிந்து பார்த்தால் இரண்டு. சலோமா சின்ன மேஜையில் உட்கார்ந்தார். ஆட்லி பக்கத்தில், எங்கள் மேஜையில்.

“இளைச்சிட்டியேடா.”

“எங்கம்மா இளைச்சேன்! பெல்ட்டுல கடைசி ஓட்டைக்கு வந்துட்டேன்.”

“பெல்ட்டா? அந்தக் கண்றாவி வேறயா? நம்மாளுங்க மாதிரி தோள்ல வார் போட்டா என்னடா கொறைஞ்சு போச்சு?”

அவன் சிரித்தான். இருவரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்தார்கள். சலோமா முள்கரண்டியை எடுத்தபோது பேராசிரியரின் கண்ணில் அந்த இடைவெளி பட்டது.

“என்னங்க இது! வீட்டுக்காரம்மா தனி மேஜையிலயா? இங்க பிரிவினையே கூடாது!”

“புரொபசர், அத விடுங்க...”

“நீங்க உள்ளூர்க்காரர். இதோட தத்துவம் உங்களுக்குப் புரியாது” என்றபடி இடுப்பால் மேஜையைத் தள்ளினார். மரத்தில் மரம் முட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். சேர்ந்த இடத்தில் கையை ஊன்றிக்கொண்டு உரையைத் தொடங்கினார்.

பரிமாற வந்திருந்த சபைப் பெண்கள் இருவரும் குழம்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள். சலோமா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

ஆட்லி எழுந்தான். “நீங்க சாப்பிடுங்கம்மா. வண்டியப் பாத்துட்டு வரேன்.”

“தட்டையாவது எடுத்துட்டுப் போடா.”

“பஸ்ல சாப்பிடக் கூடாதும்மா. கம்பெனி ரூல்.”

ஜன்னல் வழியே அவன் தெரிந்தான். ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்து, வாசற்கதவு எங்களுக்காகத் திறந்திருக்க, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலோமா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“உருளை போடவா?” என்று, மகனோடு பேசிய அதே குரலில் என்னைக் கேட்டார்.

போடச் சொன்னேன்.

பேராசிரியரின் உரை முடிந்தது. ஆட்லி சாப்பிடாமல் வண்டியை எடுத்தான்.